எலக்ட்ரானிக்ஸ் படிப்பு: ஐ.டி. வேலையைத் தாண்டி என்னென்ன வழிகள்?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் வீடுகளில் தொடங்கும் முதல் பேச்சு, பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன், அதாவது இ.சி.இ. என்று பலர் சேர்ந்துவிடுகிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, வளாகத் தேர்வில் முதலில் வரும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் படித்த எலக்ட்ரானிக்ஸ் அங்கேயே நின்றுவிடுகிறது.

மென்பொருள் வேலை நல்ல வேலைதான். குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவைப்படும் நிலையில் அதைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால், எல்லா வழிகளையும் தெரிந்துகொண்டு அதைத் தேர்ந்தெடுப்பது வேறு. வேறு வழியே இல்லை என்று எண்ணி அதில் போய் விழுவது வேறு. இ.சி.இ. படித்தவருக்குச் சிப் வடிவமைப்பு, ராடார், செயற்கைக்கோள், மருத்துவக் கருவிகள், வானியல் என்று பல துறைகள் திறந்தே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் கதவு மூன்றாம் ஆண்டிலேயே தட்டப்பட வேண்டியது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. அந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தத் தாள் பிடிக்கிறது என்பதில் இருந்து தொடங்குங்கள்

இ.சி.இ. என்பது ஒரு பட்டத்தின் பெயர்தான். அதற்குள் ஐந்தாறு தொழில்கள் இருக்கின்றன. எந்தத் தொழில் தனக்கு ஏற்றது என்பதை இரண்டாம் ஆண்டுத் தாள்களே மாணவருக்குச் சொல்லிவிடும்.

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பிடித்தவர்களுக்குச் சிப் வடிவமைப்பு. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் மையத்தைத் தொடங்கியதில் இருந்து இந்தத் தொழில் இங்கே வளர்ந்து வருகிறது. சுற்றுகளை வெரிலாக் போன்ற மொழியில் எழுதுவது ஒரு வேலை. எழுதியது சரியாக இயங்குமா என்று சோதிப்பது இன்னொரு வேலை. அதைச் சிலிக்கான் மீது எப்படி அமைப்பது என்று திட்டமிடுவது மற்றொன்று. இதில் சோதிக்கும் பிரிவைச் சிலர் தாழ்வாக நினைக்கிறார்கள். 1994-ல் இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கில் இருந்த ஒரு சிறு பிழை வெளியே தெரிந்தபோது, அதைச் சரிசெய்ய அந்த நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. சோதிப்பவரின் மதிப்பு அப்போது உலகுக்குப் புரிந்தது.

அனலாக் சுற்றுகள் பிடித்தவர்கள் குறைவு. கற்றுக்கொள்ளவும் ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் உடலின் துடிப்பையோ, வெப்பத்தையோ, ஒலியையோ ஒரு கருவி உணர வேண்டுமென்றால் முதலில் வேண்டியது அனலாக் சுற்றுதான். மருத்துவக் கருவிகளும், பேட்டரியை நிர்வகிக்கும் சிப்புகளும் இவர்களை நம்பியே இருக்கின்றன.

மின்காந்தவியல் என்றாலே வகுப்பில் பாதிப் பேருக்குப் பயம். அந்தத் தாள் பிடித்துப்போன மாணவருக்கு ஆன்டெனா, ராடார், மைக்ரோவேவ் என்று தனி உலகமே இருக்கிறது. திருப்பதிக்கு அருகே காதங்கியில் வளிமண்டலத்தை ஆராயும் ராடார் ஒன்று இருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அதில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆன்டெனாக்கள் ஒரு மைதானம் முழுக்க வரிசையாக நிற்கின்றன. அதை உருவாக்கியது சமீர் எனப்படும் மத்திய அரசின் மைக்ரோவேவ் ஆய்வு நிறுவனம். புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான இயந்திரத்தை உள்நாட்டில் உருவாக்கியதும் இதே நிறுவனம்தான். அதன் மையம் ஒன்று சென்னை தரமணியிலேயே இருக்கிறது.

சிக்னல்ஸ் அண்டு சிஸ்டம்ஸ் தாளின் கணக்குகள் பிடித்தவர்களுக்குத் தகவல் தொடர்பும் சிக்னல் பகுப்பாய்வும். 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட இந்தியாவின் 5ஜி சோதனைத் தளத்தை ஐ.ஐ.டி. மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கின. ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்கி வருகிறது. வானில் இருந்து வரும் மிக மெல்லிய சிக்னலைப் பிடித்து, இரைச்சலில் இருந்து பிரித்தெடுப்பது அங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர்களின் வேலை. வானியல் என்றால் இயற்பியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை.

மைக்ரோபிராசசர், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பிடித்தவர்களுக்கு எம்பெடட் துறை. கார், மின்சார வாகனம், தொழிற்சாலை இயந்திரம், ரோபோ என எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு சிறு கணினி இருக்கிறது. வன்பொருளும் தெரிந்து, நிரலும் எழுதத் தெரிந்தவருக்கு இங்கே வேலை இருந்துகொண்டே இருக்கும்.

ஆராய்ச்சி, உருவாக்கம், சோதனை

ஆராய்ச்சி என்றதும் வெள்ளை கோட்டு போட்ட விஞ்ஞானியே பலரின் நினைவுக்கு வருகிறார். நடைமுறையில் இது மூன்று வகை வேலை. இதுவரை யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேடுவது ஆராய்ச்சி. இதற்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். கண்டறிந்ததை மக்கள் பயன்படுத்தும் பொருளாக மாற்றுவது உருவாக்கம். அந்தப் பொருள் வெயிலிலும் மழையிலும் அதிர்விலும் தாங்குமா என்று பார்ப்பது சோதனை. பின்னைய இரண்டுக்கும் பி.இ. அல்லது எம்.இ. பட்டத்தோடே நுழையலாம்.

எழுத்தாளர் சுஜாதா என்று நாம் அறிந்த எஸ்.ரங்கராஜன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றினார். அது உருவாக்கப் பணிக்கு நல்ல உதாரணம்.

செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜியையும் இங்கே சொல்ல வேண்டும். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் அவர்தான். பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அந்த விண்கலம் இப்போது பணியாற்றுகிறது. தென்தமிழகத்தின் சிறு ஊரில் வளர்ந்து, பெருநகரக் கல்லூரி எதுவும் இல்லாமல், அரசுக் கல்லூரிப் பட்டத்தோடு தொடங்கிய பயணம் அது. பெண் பிள்ளைகளுக்கு இந்தத் துறை எதற்கு என்று தயங்கும் பெற்றோர் இதை மனதில் கொள்ளலாம்.

எங்கெல்லாம் வேலை இருக்கிறது?

இஸ்ரோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கான இடங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. செயற்கைக்கோள்களைக் கட்டும் மையம் பெங்களூரிலும், அவற்றில் பொருத்தும் கருவிகளுக்கான மையம் அகமதாபாதிலும், ராக்கெட்டுக்கான மையம் திருவனந்தபுரத்திலும் உள்ளன. பொறியாளர் பணிக்கு முதல் வகுப்போடு 65 சதவீதம் அல்லது 10-க்கு 6.84 சி.ஜி.பி.ஏ. வேண்டும். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 28. முதல் செமஸ்டரில் அரியர் வைத்து, கடைசி ஆண்டில் விழித்துக்கொள்பவர்கள் இந்த மதிப்பெண் வரம்பில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

டி.ஆர்.டி.ஓ.வில் ராடாருக்குப் பெங்களூரிலும், மின்னணுப் போர்முறைக்கு ஹைதராபாத்திலும், கடலுக்கடியில் ஒலி மூலம் தேடும் சோனாருக்குக் கொச்சியிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அணுசக்தித் துறையின் பாபா அணு ஆராய்ச்சி மையம், தேர்வாகும் பொறியாளர்களுக்குத் தன் பயிற்சிப் பள்ளியில் ஓராண்டு பயிற்சி கொடுத்து விஞ்ஞானிகளாகப் பணியில் அமர்த்துகிறது. அந்தப் பயிற்சி கல்பாக்கத்திலும் நடக்கிறது. இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. இரண்டிலும் தொடக்க நிலை அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். படிகள் தனி.

சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் மின்னணு ஆய்வு நிறுவனமான சீரி, 1953-ல் ராஜஸ்தானின் பிலானியில் தொடங்கப்பட்டது. அதற்குச் சென்னை தரமணியிலும் மையம் உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கடலில் மிதக்கும் கருவிகள், கடலடி ஒலியியல் போன்றவற்றில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் வேலை செய்கிறார்கள். சென்னையைச் சுற்றியே இத்தனை ஆய்வகங்கள் இருப்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

சிப் துறையில் இப்போது நிலைமை மாறி வருகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய சக்தி, திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய வேகா ஆகியவை உள்நாட்டுப் பிராசசர்கள். சக்தியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் சிப் 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அது மொஹாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் தயாரானது. 2021-ல் மத்திய அரசு 76,000 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்த பிறகு, குஜராத்திலும் அசாமிலும் தொழிற்சாலைகள் எழுகின்றன. தொழிற்சாலை வந்தால் எல்லாருக்கும் ஆராய்ச்சி வேலை கிடைத்துவிடும் என்று பொருளல்ல. பொருத்தும் வேலையும் வடிவமைக்கும் வேலையும் ஒன்றல்ல. மேலே செல்ல விரும்புகிறவர் அதற்கான தகுதியை இப்போதே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

கேட் தேர்வு என்னும் வாசல்

இந்த இடங்கள் பலவற்றுக்கும் பொதுவான வாசல் கேட் தேர்வு. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண்கள். அதில் 15 மதிப்பெண் பொது அறிவுத்திறனுக்கு. மீதி கணிதமும் பாடமும். பிப்ரவரியில் தேர்வு நடக்கிறது. இ.சி., இ.இ., இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று தனித்தனித் தாள்கள் உண்டு. மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

இந்த ஒரு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஐ.ஐ.டி., என்.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானி பணிக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாம். இஸ்ரோவின் சில அறிவிப்புகளிலும் கேட் மதிப்பெண் கேட்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு அறிவிப்பையும் அந்தந்த ஆண்டு முழுதாகப் படிப்பது அவசியம்.

மேற்படிப்பில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எம்.டெக். என்பது பெரும்பாலும் பாடங்களும் ஓராண்டு ப்ராஜெக்டும். ஆராய்ச்சியில் நாட்டம் உள்ளவருக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் எம்.எஸ். போன்ற ஆய்வு வழிப் பட்டங்கள் உண்டு. அதில் பாடங்கள் குறைவு, ஆய்வு அதிகம். பேராசிரியர்கள் நேர்காணல் நடத்திச் சேர்ப்பதால், மதிப்பெண்ணோடு ஆர்வத்துக்கும் அங்கே மதிப்பு உண்டு.

செலவுக்கு என்ன செய்வது?

மேற்படிப்பு என்றதும் நம் பெற்றோர் அஞ்சுவது கடனுக்கும் வட்டிக்கும்தான். கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. முனைவர் பட்டத்தில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். பிரதமரின் ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் தொடக்கமே 70,000 ரூபாய்.

சிறுபான்மை மாணவர்களுக்கென இருந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பித் திட்டமிட்டிருந்தவர்களுக்கு இனி கேட், நெட் தேர்வுகள் வழியிலான பொது உதவித்தொகைகளே வழி.

வெளிநாட்டுக்குச் செல்ல விரும்புகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். அமெரிக்காவில் எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் நாமே செலவழிக்க வேண்டும், பி.எச்டி. சேர்பவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று உதவித்தொகையும் தருகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்திலும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. வளைகுடா என்றாலே வேலை விசா என்று மட்டும் நினைக்கும் நம் ஊர்களில், ஜித்தாவுக்கு வடக்கே துவலில் 2009-ல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அங்கே முதுகலை, முனைவர் படிப்புகளுக்குத் தேர்வாகும் மாணவருக்குக் கட்டணமில்லாக் கல்வியோடு தங்குமிடமும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. எலக்ட்ரிக்கல் அண்டு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் அங்குள்ள பிரிவுகளில் ஒன்று.

ஆண்டுவாரியாக என்ன செய்யலாம்?

முதல் ஆண்டு: கணிதத்தைக் கைவிடாதீர்கள். பின்னால் வரும் எல்லாத் தாள்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. அரியர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் அல்லது சி மொழியில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டு: எந்தத் தாள் பிடிக்கிறது என்று கவனியுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாக இருக்கின்றன. சுற்றுகளைக் கணினியில் இயக்கிப் பார்க்க எல்.டி.ஸ்பைஸ், போர்டு வரைய கைகேட், ஐ.ஐ.டி. பாம்பே உருவாக்கிய இ-சிம் எல்லாமே காசில்லாமல் கிடைக்கும். ஒரு சிறு கருவியையாவது கையால் சால்டர் செய்து இயக்குங்கள். ரேடியோவில் ஆர்வம் இருந்தால் ஹாம் உரிமத் தேர்வு எழுதலாம்.

மூன்றாம் ஆண்டு: கேட் தயாரிப்பைத் தொடங்குங்கள். இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்திட்டம், ஐ.ஐ.டி.களின் கோடைகாலப் பயிற்சிகள் ஆகியவற்றுக்கு விண்ணப்பியுங்கள். அகாடமிகளின் திட்டத்துக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். இரண்டு மாதம் ஒரு ஆய்வகத்தில் இருந்தாலே இந்த வாழ்க்கை நமக்குப் பிடிக்குமா என்பது தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் அது லாபம்தான்.

நான்காம் ஆண்டு: வளாகத் தேர்வில் கிடைக்கும் வேலையை மறுக்க வேண்டியதில்லை. வாங்கி வைத்துக்கொண்டே கேட் எழுதலாம். வேலையில் சேர்ந்து ஓராண்டு சம்பாதித்து, மதிப்பெண் செல்லுபடியாகும் காலத்துக்குள் மேற்படிப்புக்குப் போகிறவர்களும் உண்டு.

இரண்டு பள்ளங்கள்

முதலாவது, இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் வாங்குவது. "ஐ.இ.இ.இ. தலைப்பு" என்று பலகை வைத்து, கருவி, அறிக்கை இரண்டையும் சேர்த்து விற்கும் ப்ராஜெக்ட் சென்டர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. கல்லூரியில் அது தேறிவிடலாம். ஆனால் ஆய்வு நிறுவனங்களின் நேர்காணலில் முதலில் கேட்பது ப்ராஜெக்டைப் பற்றித்தான். இந்த ரெசிஸ்டரை ஏன் இந்த அளவில் போட்டீர்கள் என்ற ஒரு கேள்வியில் எல்லாம் வெளிப்பட்டுவிடும். சரியாக இயங்காத சொந்த ப்ராஜெக்டைப் பற்றி, ஏன் இயங்கவில்லை என்று விளக்கத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை அதிகம்.

இரண்டாவது, "வேலை உறுதி" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் வி.எல்.எஸ்.ஐ. பயிற்சி நிலையங்கள். நல்ல நிலையங்கள் இல்லாமல் இல்லை. பணம் கட்டும் முன் அங்கே படித்து இப்போது அந்தத் துறையில் வேலை செய்யும் மூன்று நான்கு பேரிடம் நேரில் பேசுங்கள். உங்கள் கல்லூரி மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் துறைத் தலைவரிடம் கேளுங்கள். சேர்ந்திருந்தால், விலை உயர்ந்த சிப் வடிவமைப்பு மென்பொருள்கள் கல்லூரிக்குள்ளேயே கிடைக்கும்.

டிப்ளமோ, அறிவியல் மாணவர்களுக்கு

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவர்கள் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலைக்குப் போக விரும்பினால் இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. இரண்டிலும் டிப்ளமோ தகுதிக்கான தொழில்நுட்ப உதவியாளர் பணிகள் அறிவிக்கப்படுகின்றன. எம்.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் எலக்ட்ரானிக் சயின்ஸ் என்று தனித் தாளே இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கும் அதுவே வழி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆராய்ச்சி வழி நீண்டது. முனைவர் பட்டம் முடிய ஐந்து ஆண்டுகள் ஆகலாம். உடன் படித்தவர்கள் வீடு கட்டி, கார் வாங்கும்போது நம் பிள்ளை இன்னும் மாணவனாகவே இருப்பான். "இன்னுமா படிக்கிறான்?" என்று உறவினர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வழி பொருந்தாது. பொருந்தாதவரை இதில் தள்ளவும் கூடாது. ஆனால் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, ஏன் பாடுகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், சேர்க்கை நேரத்தில் கட்டணம் எவ்வளவு என்று விசாரிப்பதோடு அந்தக் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே கருவிகள் தூசி படிந்து கிடக்கின்றனவா, மாணவர்களின் கைகளில் இருக்கின்றனவா என்பதைக் கவனித்தாலே அந்தக் கல்லூரியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.